மீட்டருக்குப் பதினெட்டு

முழங்கால் ஆழம் போதாது,
இடுப்பளவு வேண்டும் என்றார்கள்.
இடுப்பளவே தோண்டினேன்.
மீட்டருக்குப் பதினெட்டு மெட்டிகல்.
பாறை வந்தாலும் பதினெட்டுதான்.
பாறைக்குத் தனி விலை
ஒப்பந்தத்தில் இருந்ததாம்,
போர்த்துக்கீசிய மொழியில்.

நகாலா துறைமுகத்திலிருந்து
மலாவி எல்லை வரைக்கும் ஆரஞ்சுக் குழாய்.
என் பங்குக்கு விழுந்தது
இரண்டு பாலங்களுக்கு நடுவே
நாலாயிரத்து நூற்றுப் பத்து மீட்டர்.
அதில் நாற்பது என் சொந்த மரவள்ளிக்கொல்லை.
என் கிழங்கை நானே பிடுங்கிப் போட்டு
என் மண்ணை நானே வெட்டி
அதற்கும் பதினெட்டு வாங்கினேன்.
"உன் நிலத்திலேயே கூலிக்காரன் ஆனாய், அமீஸ்"
என்று சிரித்தாள் அத்தீஜா.

சுருளில் மிஞ்சிய துண்டு ஒன்றைப்
பொறியாளர் டெல்ஃபினா பிரித்துக் காட்டினாள்.
மயிரிழைபோலக் கண்ணாடி.
இதற்குள் வெளிச்சம் ஓடும்,
வெளிச்சத்தோடு பணமும் ஓடும் என்றாள்.
வழியில் கசியாதா என்று கேட்டேன்.
வாய்க்கால் வெட்டிப் பழகினவன்
வேறென்ன கேட்பான்?
வயலுக்குப் போகிற தண்ணீர்
கரையோரக் கோரைக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தானே போகும்.
"கசிந்தால் அது பழுது" என்றாள்.
"உடனே ஆள் அனுப்பிவிடுவோம்."

கசியவில்லை.
மூன்று வருடமாக என் கிழங்குக்கு அடியில்
கப்பல் கணக்கும் வங்கிக் கணக்கும்
யார் யாருடைய கல்யாணப் படங்களும் போகின்றன.
கிழங்கு பழையபடிதான் பருக்கிறது.

போன் பேச வேண்டுமென்றால்
அத்தீஜா கறையான் புற்றின் மேல் ஏறுவாள்.
மலைக்கு அப்பால் ஒரு கோபுரம்.
அங்கிருந்து ஒரே ஒரு கோடு வரும்,
காற்றடித்தால் அதுவும் போகும்.

அந்த ஒரு கோடு செய்ததைச் சொல்கிறேன்.
முந்திரி வாங்க வந்த முஸ்ஸாஜி
கிலோ முப்பத்தைந்து என்றான்.
இவள் கீழே இறங்கவே இல்லை.
புற்றின் மேல் நின்றபடி
"நம்புலாவில் நாற்பத்தெட்டு" என்றாள்.
அவன் இவளைப் பார்த்தான்.
புற்றைப் பார்த்தான்.
நாற்பத்து மூன்று என்றான்.
அந்த எட்டு எட்டாகச் சேர்ந்ததில்
கூரைக்கு மூன்று தகடு.
ஒரு கோட்டுக்கு மூன்று தகடு.
எனக்கும் கணக்கு வரும்.

பிப்ரவரியில் ரோடு போட வந்த இயந்திரம்
குழாயை அறுத்துவிட்டுப் போயிற்று.
எனக்கு ஒன்றும் தெரியாது.
கோழி கூவியது, கிழங்கு வெந்தது.
அத்தீஜாதான் புற்றிலிருந்து கத்தினாள்,
கோடு செத்துவிட்டதென்று.
அன்றைக்குத்தான் புரிந்தது:
எங்கள் காலடியில் போனதுதான்
நூறு கிலோமீட்டர் போய், ஊர் சுற்றி,
மலை ஏறி, இளைத்து
அந்த ஒரு கோடாகத் திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் நாலு வண்டிகள் வந்தன.
என் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள்.
குழாய் எங்கே திரும்புகிறதென்று
வரைபடத்துக்குத் தெரியவில்லை.
பாறை இருந்த இடமெல்லாம்
என் தோளுக்குத் தெரியும்.

குடைக்குள் நின்று ஒருவன் புலம்பினான்:
துறைமுகத்தில் எட்டு கிலோமீட்டருக்கு லாரி வரிசை,
சம்பளம் எவனுக்கும் ஏறவில்லை,
மணிக்கு நாற்பது லட்சம் நட்டம்.
இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன்.
மணிக்கு நாற்பது லட்சம் என்றான்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.
அறுந்த மூன்று நாளுக்கு இந்த விலை என்றால்
அறுபடாத ஆயிரம் நாளுக்கு என்ன விலை?
அது விளைந்தது யார் கொல்லையில்?

"சீக்கிரம் சொல்" என்றான்,
"மீட்டருக்கு எவ்வளவு வேண்டும்?"

புற்றின் மேலிருந்து
அத்தீஜா குரல் கொடுத்தாள்:
"மீட்டருக்கு இல்லை. மணிக்கு."

மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று
போனை எடுத்துக் காதில் வைத்தான்.
வைத்த பிறகுதான் நினைவு வந்தது அவனுக்கு.

குழியில் மழை நிரம்பிக்கொண்டிருந்தது.